பள்ளிச் சண்டைக்கு நவஹோ சமாதானக் கூட்டம்: கூட உட்கார்ந்து பார்த்த ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5-க்கு 4. குறைத்த அந்த ஒரு மதிப்பெண்கூட சமாதானம் செய்துவைத்த பெரியவருக்காக இல்லை, அதற்குப் பிறகு எங்கள் பள்ளி அதை வைத்துச் செய்த வேலைக்காக. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நவஹோ தேசத்துக்குள், அரிசோனா பக்கம் இருக்கும் ஒரு பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், இது நான்காவது வருடம். நவஹோ தேசம் என்றால் அமெரிக்காவுக்குள்ளேயே தனி அரசு, தனி நீதிமன்றம், தனி போலீஸ் வைத்திருக்கும் பூர்வகுடி நிலம். அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா மூன்றிலும் பரந்து ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர். அங்குள்ளவர்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய நீதித்துறை நடத்தும் சமாதானத் திட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், அதிலும் அதைப் பள்ளிக்குள் கூப்பிட்டால் என்ன ஆகிறது என்பதைப் பற்றி. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு முதல் நாளே விதிமுறைப் புத்தகம் ஒன்று கையில் கொடுக்கிறார்கள், எத்தனை தப்புக்கு எத்தனை நாள் இடைநீக்கம் என்று அட்டவணை அட்டவணையாக இருக்கும். இந்த வழி ஒன்று இருக்கிறது என்று எனக்கு மூன்று வருடம் யாரும் சொல்லவில்லை.

தகராறு வந்தால் இரண்டு பக்கத்து உறவினர்களும் உட்கார்ந்து, எல்லோரும் மதிக்கிற ஒருவரை நடுவில் வைத்துப் பேசித் தீர்ப்பது தினே மக்களின் பழைய வழக்கம். 1892-ல் அமெரிக்க அரசு தன் பாணி நீதிமன்றம் ஒன்றை இவர்கள்மேல் கொண்டுவந்து வைத்தது. 1959-ல் நவஹோ தேசம் நீதிமன்றங்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது என்றாலும், உள்ளே நடந்தது என்னவோ ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்கிற அதே வழக்குமுறைதான். 1982-ல் அங்குள்ள நீதிபதிகள் கூடி, பழைய முறைக்கு நீதிமன்றத்துக்குள்ளேயே இடம் கொடுத்துச் சமாதான நீதிமன்றம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1992 முதல் 2003 வரை தலைமை நீதிபதியாக இருந்த ராபர்ட் யாஸி இதை விளக்கும்போது செங்குத்தான நீதி, கிடைமட்டமான நீதி என்று இரண்டாகப் பிரிப்பார். முதலாவதில் மேலே நீதிபதி, கீழே கட்சிக்காரர்கள். இரண்டாவதில் ஒரு வட்டம், அதில் யாரும் யாருக்கும் மேலே இல்லை.

அந்த வட்டத்தை நடத்துபவருக்கு அவர்கள் மொழியில் நாட்டானி என்று பெயர். முதல் தடவை காதில் விழுந்தபோது நம் நாட்டாமை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன், வெறும் ஒலி ஒற்றுமைதான். வேலையிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாட்டாமை தீர்ப்புச் சொல்வார், தள்ளிவைப்பார், அபராதம் போடுவார். நாட்டானிக்கு அந்த அதிகாரம் எதுவும் கிடையாது. அவர் பேச்சைக் கேட்டு மனசு மாறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவரவர் ஊர் சாப்டர்தான் இவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. சாப்டர் என்றால் நம் ஊராட்சி மாதிரி, நவஹோ தேசம் முழுக்க 110 இருக்கின்றன.

சரி, எங்கள் பள்ளியில் நடந்ததற்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பில் இரண்டு பையன்கள். ஒருவன் தன் வகுப்புக்காரனைத் தெரியாமல் படம் பிடித்து, மூக்கைப் பொத்திக்கொள்கிற மாதிரி பொம்மை ஒட்டி, வீடியோவாக எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். மூன்று நாள் அது பள்ளி முழுக்கச் சுற்றியது. நான்காவது நாள் சாப்பாட்டு அறையில் அடி விழுந்தது. உதடு கிழிந்தது, ஃபோன் சுக்குநூறானது. அட்டவணையைப் பார்த்தார்கள், அடித்தவனுக்கு ஐந்து நாள், வீடியோ போட்டவனுக்கு மூன்று நாள் இடைநீக்கம். அடித்தவனுக்கு அதிகம், ஏனென்றால் ரத்தம் அட்டவணையில் இருக்கிறது, அவமானம் அதில் இல்லை.

இடைநீக்கம் எவ்வளவு பொருத்தமில்லாத தண்டனை என்று இங்கே வந்துதான் புரிந்துகொண்டேன். பள்ளிப் பேருந்து ஒன்றரை மணி நேரம் மண் ரோட்டில் போய் இறக்கிவிடும் வீடு, அடுத்த வீடு கண்ணுக்கெட்டாத தூரம், பகலில் பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஐந்து நாளும் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் அங்கே தனியாக உட்கார்ந்து அந்த வீடியோவையே நினைத்துக்கொண்டிருப்பான். திரும்பி வந்த அன்றே பேருந்தில் மறுபடி அடிதடி, இந்தத் தடவை இரண்டு பக்கத்து அண்ணன் தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். மதிய உணவுக்குக் குழந்தைகள் இரண்டு கட்சியாக உட்கார ஆரம்பித்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் கழிவறைக்கே பயந்து பயந்து போனார்கள். பாதுகாப்பான பள்ளி என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோமே, அது எவ்வளவு சீக்கிரம் இல்லாமல் போகிறது என்று அந்த ஒரு வாரத்தில் பார்த்தேன்.

அடித்த பையனின் பாட்டிதான் அலுவலகத்துக்கு வந்து கேட்டார், ஏன் இன்னும் நாட்டானியைக் கூப்பிடவில்லை என்று. எங்கள் ஆலோசகர் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சமாதானத் திட்ட அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். வழக்கு ஏதும் பதிவாகி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சம்பந்தப்பட்டவர்களே நேரடியாகக் கேட்கலாம். இதை இங்குள்ள ஆசிரியர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து நாட்டானியாக வந்த பெரியவர் உடனே தேதி குறிக்கவில்லை. இரண்டு குடும்பத்தையும் தனித்தனியாக அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். யார் யார் வரவேண்டும், யார் பேச்சை இந்தப் பையன் கேட்பான், யார் வந்தால் நிலைமை கெடும் என்றெல்லாம் விசாரித்தார். வர விருப்பமா என்று பையன்கள் இருவரையும் தனியாகக் கேட்டார். இதற்கே மூன்று வாரம் ஆனது. எங்கள் நிர்வாகத்துக்குப் பொறுமை போய்விட்டது, எனக்கும்தான். இப்போது யோசித்தால் பாதி வேலை அந்த மூன்று வாரத்திலேயே முடிந்துவிட்டது என்று படுகிறது. கூட்டத்துக்கு வந்தபோது யாரும் புதுக் கோபத்தோடு வரவில்லை, பழைய கோபத்தில் மிச்சம் இருந்ததை மட்டும்தான் கொண்டுவந்தார்கள்.

கூட்டம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பள்ளி வளாகத்திலேயே இருக்கும் ஹோகனில். ஹோகன் என்பது இவர்களின் மரபு வீடு, மரக்கட்டைகளை எட்டுப் பக்கமாக அடுக்கிக் கட்டியது, வாசல் எப்போதும் கிழக்கு பார்த்திருக்கும். உள்ளே போனதும் இடது பக்கம் திரும்பி, சூரியன் போகும் திசையிலேயே சுற்றிவந்து உட்கார வேண்டும். எனக்குத் தெரியாமல் நேராக நடக்கப் பார்த்தேன், ஒரு சின்னப் பெண் கையைப் பிடித்து வழிகாட்டினாள். மொத்தம் பதினேழு பேர். பையன்கள், பெற்றோர், பாட்டிகள், மாமாக்கள், ஆலோசகர், முதல்வர், வகுப்பாசிரியர் என்கிற முறையில் நான். ஒரு மாமா ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், ஏனென்றால் அவர் வேலை செய்யும் ஃபிளாக்ஸ்டாஃபில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ தேசத்தில் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரமும் எல்லோரும் காபி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் இல்லாமல் ஆரம்பிக்கலாமா என்று கேட்டது பள்ளிக்காரர்கள் நாங்கள் மட்டும்தான்.

முதலில் பிரார்த்தனை. மக்காச்சோள மகரந்தம் ஒரு சிறிய பையில் கைமாறி வந்தது. ஒரு அம்மா தேவாலயத்துக்குப் போகிறவர், அதை எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் நகர்த்தினார். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, அமைதியாக உங்கள் வழியில் பிரார்த்தியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் அறிமுகம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தினே மக்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது பெயரோடு நான்கு குலங்களைச் சொல்வார்கள். முதலில் அம்மாவின் குலம், ஏனென்றால் ஒருவருடைய குலம் அம்மா வழியில்தான் வருகிறது. அடுத்து அப்பாவின் குலம், அவருக்காகப் பிறந்தவன் என்று சொல்வார்கள். பிறகு அம்மாவின் அப்பா குலம், அப்பாவின் அப்பா குலம். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வீடியோ போட்ட பையன் தன் அம்மா வழிக் குலத்தைச் சொன்னான், கின்யாஆனி, உயர்ந்த வீட்டுக்காரர்கள் என்று பொருள். சுற்று அடித்த பையனிடம் வந்தது. அவன் தன் குலத்தைச் சொல்லிவிட்டு, அப்பா வழியில் கின்யாஆனிக்காகப் பிறந்தவன் என்றான். பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடித்த பையனிடம் நவஹோ மொழியில் ஏதோ சொல்ல, பாட்டிகள் எல்லோரும் மூச்சை இழுத்தார்கள்.

பக்கத்தில் இருந்த ஆலோசகர் எனக்கு விளக்கினார். அடித்தவனுடைய அப்பாவின் குலமும் வீடியோ போட்டவனுடைய குலமும் ஒன்று. அப்படியானால் முறைப்படி வீடியோ போட்டவன் அடித்தவனுக்கு அப்பா ஸ்தானம், ஒரே வகுப்பு, ஒரே வயது என்றாலும். நவஹோ மொழியில் ஷிஜெஏ யாஜி என்று கூப்பிட வேண்டும், சொல்லுக்குச் சொல் எடுத்தால் என் சிறிய அப்பா. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சித்தப்பா! நாம் சொல்கிற அதே சொல், அதே பொருள். அம்மாவின் தங்கைக்கும் அங்கே சின்ன அம்மாதான். இத்தனை கடல் தாண்டி, எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மொழியில், சித்தப்பாவுக்கு அதே மாதிரி ஒரு சொல்லை வைத்திருக்கிறார்களே என்று அந்த நேரத்திலும் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அங்கே அது வெறும் சொல்லாக நிற்கவில்லை. தப்புச் செய்தவனைப் பற்றித் தினே மக்கள் சொல்வது, சொந்தபந்தமே இல்லாதவன் மாதிரி நடக்கிறான் என்று. திருடன், கெட்டவன் என்பதை எல்லாம்விட அது கனமான பேச்சு. பெரியவர் வீடியோ போட்ட பையனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், உன் மகன் ஸ்தானத்தில் இருக்கிறவனைப் பற்றியா அதை அனுப்பினாய். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். மூன்று நாள் இடைநீக்கத்தில் நான் அவன் முகத்தில் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். உறவையும் அது சுமத்துகிற கடமையையும் சேர்த்து அவர்கள் கே என்று ஒரே எழுத்தில் சொல்கிறார்கள். இந்த முறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

பிறகு ஒவ்வொருவரும் மனதில் இருப்பதைக் கொட்டினார்கள், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. அடித்த பையன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. கடைசியில் மெல்லச் சொன்னான், எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் கிடையாது. நவஹோ தேசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளின் நிலை அதுதான், பீப்பாய்களில் தண்ணீர் பிடித்து லாரியிலும் பிக்கப்பிலும் கொண்டுவருகிறார்கள். அப்பா வெளி மாநிலத்தில் கட்டுமான வேலையில் இருக்கிறார், பாட்டியின் வண்டி குளிர்காலத்தில் பழுதாகிவிட்டது, பிடித்துவந்த தண்ணீர் குடிக்கவும் ஆட்டுக்கும் சரியாகப் போயிற்று, துணி துவைக்க மிஞ்சவில்லை. அந்த வீடியோ அவன்மேல் வந்த வாடையைப் பற்றியது.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. ஜனவரியிலேயே அவனோடு சேர்ந்து சோதனை செய்ய யாரும் வராமல் இருந்ததைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் அவனைக் கடைசி மேசைக்குத் தனியாக மாற்றியது நான்தான். வகுப்பு ஒழுங்காக நடக்கட்டும் என்று செய்தேன். என் முறை வந்தபோது அதைச் சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் ஆசிரியராக இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனால், பார்வையாளராகப் போகிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே பார்வையாளர் என்று ஒரு இடமே இல்லை.

அவன் பாட்டி பேசியதும் மறக்காது. சின்ன வயதில் உறைவிடப் பள்ளியில் நவஹோ மொழியில் பேசியதற்காக வாயில் சோப்பு வைத்துத் தேய்த்தார்களாம், இன்றைக்கும் பள்ளி வராந்தாவின் வாசனை வந்தால் வயிற்றைப் பிசைகிறது என்றார். இந்த மக்களுக்கும் பள்ளிக்கும் உள்ள கதை அப்படித்தான் தொடங்கியது. 1864-ல் அவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்துக் கொண்டுபோய் அடைத்தார்கள், 1868 ஒப்பந்தத்தில்தான் சொந்த மண்ணுக்குத் திரும்ப விட்டார்கள், அதே ஒப்பந்தத்தில் 6 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்றும் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் தருவதாகவும் எழுதி வாங்கினார்கள். அந்த வரிசையில் வந்த ஆசிரியர்களில் நானும் ஒரு ஆள். தன் பேரனுக்காக அந்தப் பாட்டி இந்த வளாகத்துக்குள் வந்து, தன் மொழியில், முதல்வருக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய மருமகள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெரியவரின் உபதேசம் அதற்குப் பிறகுதான். மேற்கத்திய சமரசத்தில் நடுவர் எந்தப் பக்கமும் சாயாமல், கருத்துச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே அப்படி இல்லை. அவருக்கு இரண்டு குடும்பத்தையும் தெரியும், யார் எங்கே தவறினார்கள் என்று அபிப்பிராயம் உண்டு, அதை நேராகச் சொல்கிறார். அதைக் கேட்கிற மாதிரி சொல்கிறார் என்பதில்தான் திறமை இருக்கிறது. அவர்களுடைய பழங்கதைகளில் வரும் அரக்கர்களை நாயே என்கிறார்கள் (நம் நாயோடு சம்பந்தமில்லை), மனிதன் நல்லபடி வாழக் குறுக்கே நிற்கிற எதையும் அந்தச் சொல்லால் சொல்லலாம். இரட்டைச் சகோதரர்கள் அரக்கர்களைக் கொன்றபோது பசி, ஏழ்மை, முதுமை போன்ற சிலவற்றை மட்டும் உயிரோடு விட்டுவிட்டார்களாம். இந்தச் சண்டையில் அரக்கன் யார் என்று பையன்களைக் கேட்டார். ஃபோன் என்றான் ஒருவன். இல்லை என்றார். கோபம் என்றான் இன்னொருவன். அதுவும் இல்லை. வீடியோ போட்ட பையன்தான் கடைசியில் சொன்னான், தண்ணீர் இல்லாதது என்று.

அதோடு ஒரு முழுக்கதையை ஆரம்பிக்கப்போய் சட்டென்று நிறுத்திக்கொண்டார். சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்லலாம், முதல் உறைபனி விழுந்ததிலிருந்து முதல் இடி கேட்கும் வரை. இடி ஏற்கெனவே இடித்துவிட்டது, அதனால் இப்போது முடியாது, பனி விழட்டும் வருகிறேன் என்றார்.

அதன் பிறகு நல்யே. நஷ்டஈடு என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். பாதிக்கப்பட்டவர் மனதில் வருத்தம் மிஞ்சாத அளவுக்குச் சரிசெய்வது, அதுதான் கணக்கு. பணமாக இருக்கலாம், நகையாக, குதிரையாக, உழைப்பாக இருக்கலாம், அளவை இரு பக்கமும் சேர்ந்து பேசி முடிவுசெய்கிறார்கள். இங்கே முடிவானது இது. வீடியோ போட்ட பையனும் தாமதமாக வந்த அந்த மாமாவும் எட்டு சனிக்கிழமைகள் பாட்டி வீட்டுக்குப் பிக்கப்பில் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள், 55 கேலன் பீப்பாய் நான்கு. உடைந்த ஃபோனுக்கு அடித்த பையன் அவர்கள் வீட்டு ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிற நாட்களில் போய் வேலை செய்வான். வீடியோ போய்ச் சேர்ந்த எல்லோருக்கும், தான் செய்தது தப்பு என்று அந்தப் பையனே தன் வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புவான்.

முடிந்தது என்று முதல்வர் எழுந்திருக்கப் போனார். பெரியவர் அவரைப் பார்த்து, பள்ளி என்ன தரப்போகிறது என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்காகவே நான் 4 மதிப்பெண்ணும் தருவேன். கடைசியில் உடற்பயிற்சிக்கூடத்துக் குளியலறையையும் விளையாட்டு உடைகளைத் துவைக்கும் இயந்திரத்தையும் காலை ஏழு மணியிலிருந்து எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். இப்போது தினமும் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியவில்லை.

மறுபடி ஒரு பிரார்த்தனை, கைகுலுக்கல், ஆட்டுக்கறிக் குழம்பும் பொரித்த ரொட்டியும். மொத்தம் நாலரை மணி நேரம். வருடம் முடியும் வரை அந்த இரண்டு பையன்களிடமிருந்து ஒரு சச்சரவும் இல்லை. பேருந்தில் இரண்டு கட்சியும் கலைந்துபோயிற்று. ஹோஜோ என்று இவர்கள் சொல்வது, எல்லாம் அதனதன் இடத்தில் ஒத்து அழகாக இருக்கும் நிலையை. அதெல்லாம் பெரிய வார்த்தை, நான் சொல்வது மதிய உணவு வேளையை மட்டும்: சின்னப் பிள்ளைகள் பழையபடி சத்தம் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள்.

இப்போது குறைகள்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கியதும் எங்கள் பள்ளி இதை ஒழுங்கு விதிகளில் மூன்றாம் படி என்று சேர்த்துவிட்டது. முதல் படி எச்சரிக்கை, இரண்டாம் படி இடைநீக்கம், மூன்றாவது சமாதான வட்டம், நாற்பது நிமிடம், நூலகத்தில், படிவத்தில் கையெழுத்து. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இல்லை, பாட்டிகள் இல்லை, குல அறிமுகம் பத்து வினாடி. தண்டனை கொடுத்து முடித்த பிறகு, ஏற்கெனவே அவமானப்பட்ட பையனை உட்காரவைத்து மன்னிப்புக் கேள் என்று சொல்கிறார்கள். அதற்குப் பெயர் மட்டும் அதே பெயர். ஊரிலிருந்து ஒரு பாட்டி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு ஏற்பட்ட கோபத்தில் நிர்வாகத்துக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன், இரண்டாவது பருவத்தில் வீட்டுச் சந்திப்பையாவது திரும்பக் கொண்டுவந்தார்கள். நேரம் இல்லை என்பதுதான் எப்போதும் வருகிற பதில். இடைநீக்கம், மறுபடி சண்டை, மறுபடி இடைநீக்கம் என்று போன வாரங்களைக் கூட்டிப் பார்த்தால் நாலரை மணி நேரம் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, இதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தக் கூடாது. ஆயுதம், பாலியல் அத்துமீறல், பெரியவர் ஒருவர் குழந்தையை வதைப்பது, இவற்றில் பாதிக்கப்பட்ட பிள்ளையைச் செய்தவருக்கு எதிரே வட்டத்தில் உட்காரவைப்பது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கொடுமை. உறவை ஒட்டவைக்க வேண்டும் என்ற அழுத்தமே, பயந்து கிடக்கிற ஒருவரை ஒத்துக்கொள்ள வைத்துவிடும். கணவன் மனைவி வன்முறை விஷயத்தில் இந்த முறையைப் பற்றி ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்வியும் இதுதான். பலம் இரு பக்கமும் ஓரளவு சமமாக இருக்கும் சண்டைகளுக்கு, கேலிக்கு, வகுப்பில் ஒதுக்கிவைப்பதற்கு, வதந்திக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

மொழி ஒரு சிக்கல். பெரியவர்கள் நவஹோவில் ஆழமாகப் பேசுகிறார்கள், பிள்ளைகளில் பலருக்கு அது பாதிதான் புரிகிறது. மொழிபெயர்க்க ஒரு நல்ல ஆள் இல்லாவிட்டால் கூட்டம் பாட்டிகளுக்கும் பெரியவருக்கும் நடுவில் நடக்கிற பேச்சாகப் போய்விடும். முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நவஹோ தேசத்துக்கு வெளியே உள்ள பள்ளிகள் இதை அப்படியே எடுத்துச் செய்யலாமா என்று இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். பிரார்த்தனையையும் மகரந்தத்தையும் குலக்கதைகளையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவை அவர்களுடையவை, அவர்கள் கூப்பிடாமல் தொடக்கூடாது. வீட்டுக்குப் போய்க் கேட்பது, பையன் யார் பேச்சை மதிக்கிறானோ அவரைக் கூப்பிடுவது, பள்ளி என்ன தரப்போகிறது என்று பள்ளியையும் கேட்பது, இவற்றைச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம்.

டிசம்பரில் முதல் பனி விழுந்த அடுத்த வாரம் அந்தப் பெரியவர் யாரும் ஞாபகப்படுத்தாமலே வந்தார், அதே ஹோகனுக்கு. ஏப்ரலில் நிறுத்திய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றார். இரண்டு பையன்களும் இப்போது ஒன்பதாம் வகுப்பு, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறார்கள், ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். உள்ளே வந்து இடது பக்கமாகச் சுற்றி வந்தார்கள். உட்கார இடம் போதவில்லை. அடித்தவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு மற்றவனைப் பார்த்து, ஷிஜெஏ யாஜி, இங்கே வா என்று கூப்பிட்டான்.